எண்ணெய்க் கணக்கு

எங்கள் ஊர் அம்மன் கோயிலில் கொடைத் திருவிழா முடிந்த மறுநாள் காலையில் கணக்கு வாசிப்பார்கள். திருநெல்வேலிப் பக்கம் பல ஊர்களில் இது உண்டு. வேப்பமரத்தடியில் ஜமுக்காளம் விரித்திருக்கும். தர்மகர்த்தா நோட்டைப் பிரித்து, தலைக்கட்டு வரி இவ்வளவு, பம்பாய்க்காரர்கள் கொடுத்தது இவ்வளவு, வில்லுப்பாட்டு, மேளம், பந்தல், பூ, எண்ணெய் என்று ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசிப்பார். எனக்குப் பத்து வயது இருக்கும். எண்ணெய் என்று வாசித்ததும் அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து நின்றார். "ரெண்டு நாள் கொடைக்கு ஆறு டின் எண்ணெயா? எந்த வீட்டுப் பணியாரத்துக்குப் போச்சு?"

ஒரு மணி நேரம் சண்டை. கடைசியில் தர்மகர்த்தா மடியிலிருந்து கடைச் சீட்டை எடுத்து நீட்டினார். அஞ்சு டின்தான். நோட்டில் எழுதினவர் கை தவறி ஆறு என்று போட்டிருந்தார். அப்பா ஜெயித்த முகத்தோடு உட்கார்ந்தார்.

அதே அப்பா மும்பை பாண்டுப்பில் ஒரு இன்ஜினியரிங் கம்பெனியில் 26 வருஷம் லேத் ஓட்டினார். அவருடைய ஃபண்டுப் பணத்தை வைத்திருந்த டிரஸ்டிடம் ஒரே ஒரு தடவைகூடக் கணக்குக் கேட்டதில்லை.

மும்பைத் தொழிலாளிகள் பி.எஃப். என்று சொல்ல மாட்டார்கள், ஃபண்டு. வேலையை விட்டு மொத்தமாகத் தீர்த்து வாங்கினால் ஹிசாப். "அவன் ஹிசாப் வாங்கிட்டு ஊருக்குப் போயிட்டான்" என்று தாராவி லேபர் கேம்ப்பில் யாராவது சொன்னால் ஒரு வாழ்க்கையின் பாதி முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

அப்பாவின் ஃபண்டு அரசாங்கத்திடம் இல்லை. 1952-ஆம் ஆண்டு வருங்கால வைப்புநிதிச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு கம்பெனிகளுக்கு ஒரு விலக்குக் கொடுத்தது. பணத்தை பி.எஃப். அலுவலகத்தில் கட்டாமல் கம்பெனியே ஒரு டிரஸ்ட் அமைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் கட்டுப்பாடுகள் உண்டு. அரசாங்கம் அறிவிக்கும் வட்டிக்குக் குறையாமல் கொடுக்க வேண்டும். முதலீட்டில் நஷ்டம் வந்தால் கம்பெனி தன் கையிலிருந்து ஈடுகட்ட வேண்டும். டிரஸ்டிகளில் பாதிப் பேர் நிர்வாகத்தின் ஆட்கள், பாதிப் பேர் தொழிலாளர்களின் ஆட்கள்.

டிரஸ்டி என்ற வார்த்தைக்கு அப்பாவுக்கு விளக்கம் தேவைப்படவில்லை, தர்மகர்த்தா, அவ்வளவுதான். 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 15-ஆவது பிரிவும் ஏறக்குறைய அதைத்தான் சொல்கிறது: சாதாரண விவேகமுள்ள ஒரு மனிதன் தன் சொந்தச் சொத்தை எப்படிப் பார்த்துக்கொள்வானோ, அந்த அக்கறையோடு பிறர் சொத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

"ஏட்டி, அது கம்பெனி டிரஸ்ட்டு. கவர்மென்ட்டு மாதிரி நடையா நடக்க வேண்டாம்" என்று அப்பா பெருமையாகச் சொல்வார். அதில் உண்மையும் இருந்தது. அத்தை கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கேட்டபோது நாலே நாளில் செக் வந்தது. தொண்ணூறுகள் முழுக்க 12 சதவீத வட்டி. வருஷத்துக்கு ஒரு தடவை மஞ்சள் நிறத்தில் ஒரு ஸ்லிப் தருவார்கள். அப்பா அதில் கடைசி வரியை மட்டும் பார்ப்பார். போன வருஷத்தைவிடக் கூடியிருந்தால் சரி. பிறகு அது பிஸ்கட் டின்னுக்குள், அம்மாவின் தாலிக்கொடி அடகுச் சீட்டுக்குப் பக்கத்தில் போய்ப் படுத்துக்கொள்ளும்.

2003-இல் சம்பளம் தள்ளித் தள்ளி வர ஆரம்பித்தது. எல்.பி.எஸ். ரோட்டில் குர்லா முதல் முலுண்டு வரை கம்பெனிகள் ஒவ்வொன்றாகக் கதவடைத்துக்கொண்டிருந்த நேரம். அந்த வருஷம் மஞ்சள் ஸ்லிப் வரவில்லை. அடுத்த வருஷம் கம்பெனியே இல்லை. ஒரு காலை ஷிஃப்டுக்குப் போன அப்பா ஒன்பது மணிக்கெல்லாம் டிபன் பாக்ஸைத் திறக்காமலே திரும்பி வந்தார்.

கடைசிப் பதினோரு மாதம் சம்பளத்தில் ஃபண்டு பிடித்திருக்கிறார்கள், டிரஸ்டில் கட்டவில்லை என்பது மூடிய பிறகுதான் தெரிந்தது. சம்பளச் சீட்டில் கழித்த தொகை அச்சடித்திருக்கிறது. டிரஸ்டின் வங்கிக் கணக்கில் வரவு இல்லை. இதைத் தாமதம், நிதி நெருக்கடி என்றெல்லாம் கம்பெனிக்காரர்கள் சொல்வார்கள். சட்டம் வேறு பெயர் வைத்திருக்கிறது. தொழிலாளியின் பங்கைப் பிடித்துக்கொண்டு கட்டாத முதலாளி, நம்பி ஒப்படைத்த பணத்தைக் கையாடியவனாகவே கருதப்படுவான் என்று இந்திய தண்டனைச் சட்டத்தின் 405-ஆவது பிரிவில் தனியாக ஒரு விளக்கமே சேர்த்திருந்தார்கள். 17-ஆவது பிரிவு விலக்கு வாங்கிய கம்பெனியும் இதற்குத் தப்பாது என்று அதிலேயே எழுதியிருந்தது. அதற்காக யாராவது ஜெயிலுக்குப் போனார்களா என்று கேட்காதீர்கள்.

இங்கே டிரஸ்டி மாமாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் வீட்டிலிருந்து இரண்டு சந்து தள்ளி இருந்தார். தூத்துக்குடிப் பக்கத்து மனிதர். யூனியன் சார்பில் டிரஸ்டியாக இருந்ததால் பிள்ளைகள் எல்லோருக்கும் டிரஸ்டி மாமா. படிப்பு எட்டாம் வகுப்பு. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கம்பெனியின் மேல்மாடியில் மீட்டிங். அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை. மீட்டிங்கில் சமோசாவும் முந்திரியும் கொடுப்பார்கள். முந்திரியைக் காகிதத்தில் மடித்து எங்களுக்குக் கொண்டுவருவார். அந்த முந்திரியை நான் நிறையவே சாப்பிட்டிருக்கிறேன்.

கம்பெனி மூடிய ஏழெட்டு மாதம் கழித்து, ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்துக்குப் பிறகு வந்தார். கையில் ஒரு நோட்டீஸ். பாக்கித் தொகைக்கு டிரஸ்டிகளைக் கூட்டாகவும் தனித்தனியாகவும் ஏன் பொறுப்பாக்கக் கூடாது என்று விளக்கம் கேட்டிருந்தது. அம்மா வைத்த டீ ஆறிப் போனது.

"மாப்ள, நான் கையெழுத்துதான் போட்டேன். வேற ஒண்ணும் பண்ணல" என்றார்.

அப்பா ஒன்றும் சொல்லவில்லை. எனக்கு அப்போது 24 வயது, பி.காம். முடித்து ஒரு ஆடிட்டரிடம் வேலை. மாமா கையோடு கொண்டுவந்திருந்த மீட்டிங் குறிப்புகளின் நகலை வாங்கிப் படித்தேன். ஆங்கிலத்தில் டைப் அடித்த நான்கு பக்கம். மூன்றாம் பக்கத்தில் ஏழாவது தீர்மானம்: நிதி நிலைமை சீரடையும் வரை மாதாந்திரத் தொகையைச் செலுத்தக் கம்பெனிக்கு அவகாசம் தர டிரஸ்ட் சம்மதிக்கிறது. கீழே ஆறு கையெழுத்து. ஐந்து ஆங்கிலத்தில் கிறுக்கியது. ஆறாவது மட்டும் தமிழில், எழுத்துக்கூட்டி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாகத் தெரிகிற மாதிரி.

நான் தமிழில் வாசித்துச் சொன்னேன். மாமா இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னார்.

"அப்படியா எழுதியிருக்கு?" என்றார். அப்புறம் எழுந்து போய்விட்டார்.

அப்பா அவரோடு பல மாதம் பேசவில்லை. கோயில் எண்ணெய்க்காக ஊரையே நிறுத்தி வைத்த மனுஷன், தன் பணத்துக்குத் தர்மகர்த்தாவாக, இரண்டு சந்து தள்ளி இருந்தவரிடம் "மீட்டிங்குல என்னப்பா பேசினீங்க" என்று ஒரு நாள்கூடக் கேட்காமல் முந்திரியை மட்டும் வாங்கிக்கொண்டிருந்தது அவருக்கே உறைத்திருக்கும் என்று நினைக்கிறேன். நான் அப்படிச் சொன்னால் இன்றைக்கும் ஒத்துக்கொள்ள மாட்டார்.

அவர்களைப் பேச வைத்தது வெள்ளம். 2005 ஜூலை 26. மிட்டி ஆறு தாராவிக்குள் வந்தது. எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். பிஸ்கட் டின் மிதந்தது. மூடி சரியாக இல்லாததால் ஸ்லிப் எல்லாம் கஞ்சியாகிவிட்டது. 26 வருஷத்துக்கு அத்தாட்சி என்று எங்களிடம் ஒரு காகிதம் மிஞ்சவில்லை. மாமா மட்டும் டிரஸ்ட் காகிதங்களின் நகலை ஒன்றுவிடாமல் சாக்கில் கட்டிப் பரணில் வைத்திருந்தார். அந்த ஆங்கிலத்தில் ஒரு வரிகூடப் படிக்கத் தெரியாவிட்டாலும் எதையும் தூக்கி எறியவில்லை. உறுப்பினர் பட்டியல், ஆண்டு இறுதி இருப்பு, யார் யாருக்கு எவ்வளவு அட்வான்ஸ் என்று எல்லாம் அதில் இருந்தது. யூனியன் வக்கீல் அந்தச் சாக்கை வைத்துத்தான் நானூறு பேரின் கணக்கை நிறுத்தினார்.

கம்பெனி நிலம் விற்பனையானபோது வங்கிகள் முன்னால் வந்து நின்றன. அடமானம் எங்களிடம் இருக்கிறது, எங்களுக்குத்தான் முதலில் என்றன. பி.எஃப். சட்டத்தின் 11-ஆவது பிரிவு வேறு சொன்னது. முதலாளி கட்ட வேண்டிய பி.எஃப். பாக்கிக்கு அவருடைய சொத்தின் மேல் முதல் உரிமை. மற்றக் கடன்கள் அதற்குப் பின்னால்தான். மகாராஷ்டிரா சர்க்கரை ஆலைகள் சம்பந்தப்பட்ட ஒரு வழக்கில் உச்ச நீதிமன்றம் 2009-இல் இதை உறுதியாகச் சொல்லிவிட்டது. அதற்கு முன்பே, எங்கள் அதிர்ஷ்டம், நிலம் வாங்கிய பில்டருக்கு அவசரம். வில்லங்கம் இல்லாமல் வேண்டும். 2007 மார்ச்சில் பணம் வந்தது. எடுத்த அட்வான்ஸ் போக மூன்றே கால் லட்சம். பதினோரு மாதப் பாக்கியும் அதில் சேர்த்தி. மூன்று வருஷம் காத்திருந்த வட்டிக்கு மட்டும் இன்றுவரை ஒருவரும் கணக்கு வாசிக்கவில்லை.

இப்போது திவால் சட்டம் வந்திருக்கிறது, 2016. அதன் 36-ஆவது பிரிவில் ஒரு நல்ல வரி இருக்கிறது: பி.எஃப்., பென்ஷன், கிராஜுவிட்டி நிதிகளிலிருந்து ஊழியர்களுக்கு வர வேண்டிய பணம் கம்பெனியின் கலைப்புச் சொத்தில் சேராது. கடன்காரர்கள் பங்கு போடும் பந்தியில் அந்த இலையே போடக் கூடாது. 2019 ஏப்ரலில் பறப்பதை நிறுத்திய ஜெட் ஏர்வேஸ் வழக்கில், ஊழியர்களின் பி.எஃப். மற்றும் கிராஜுவிட்டியை முழுதாகக் கொடுக்க வேண்டும் என்று 2022 அக்டோபரில் மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் சொன்னது. 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதில் தலையிட மறுத்தது. தீர்ப்பு வேறு, கையில் பணம் வேறு. கடைசியில் 2024 நவம்பரில் அந்தக் கம்பெனியைக் கலைக்கவே உத்தரவானது.

சரி, பென்ஷனுக்கு வருவோம்.

நிறையப் பேர் குழம்பும் இடம் இது. அப்பாவும் குழம்பினார். ஃபண்டு ஒரு உண்டியல், பென்ஷன் வேறு உண்டியல். கம்பெனிக்கு டிரஸ்ட் இருந்தாலும் பென்ஷன் பங்கு அரசாங்கத்தின் பி.எஃப். அமைப்புக்குத்தான் போகும். 1995 நவம்பர் 16-இல் ஆரம்பித்த தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். முதலாளி போடும் 12 சதவீதத்திலிருந்து 8.33 சதவீதம் பிரிந்து அங்கே போகும், அதுவும் ஒரு உச்சவரம்புக்கு உட்பட்டு. 2001 ஜூன் முதல் அந்த உச்சவரம்பு 6,500 ரூபாய். 2014 செப்டம்பரிலிருந்து 15,000. ஆக, அப்பா கடைசியில் பதினோராயிரம் வாங்கினாலும் பென்ஷன் உண்டியலில் விழுந்தது மாதம் 541 ரூபாய்தான்.

அப்பாவுக்கு 58 வயது 2012 ஜூன் 1-இல். அவர் வயதுக்காரர் பாதிப் பேருக்கு ஜூன் 1-தான் பிறந்தநாள். பள்ளிக்கூடத்தில் சேர்த்த அன்று வாத்தியார் போட்டது. 10-டி ஃபாரத்தை நிரப்பிக் கொடுத்தோம். திரும்பி வந்துவிட்டது. காரணம்: பெயர்.

தமிழ்நாட்டில் மனிதனுக்கு ஒரு பெயரும் ஒரு இனிஷியலும் போதும். மகாராஷ்டிராவில் போதாது. 1978-இல் வேலைக்குச் சேர்ந்தபோது டைம் ஆபீஸ் குமாஸ்தா "ஆட்நாவ் காய்?" என்று கேட்டிருக்கிறார். குடும்பப் பெயர் என்ன என்று. அப்பாவுக்கு மராத்தி புரியவில்லை. எந்த ஊர் என்று கேட்கிறார் என நினைத்து ஊர்ப் பெயரைச் சொன்னார். அன்றிலிருந்து கம்பெனி ரிஜிஸ்டரில் அப்பாவின் பெயர், தாத்தாவின் பெயர், அதற்குப் பின்னால் எங்கள் கிராமம். ரேஷன் கார்டில் கிராமம் இல்லை. வங்கிப் புத்தகத்தில் தாத்தா ஒற்றை எழுத்தாகச் சுருங்கி முன்னால் நின்றார். போதாக்குறைக்கு அப்பா பெயரில் வரும் 'த'வுக்கு ஒரு இடத்தில் டி, இன்னொரு இடத்தில் டி-யும் எச்-சும். காகிதத்தின்படி எங்கள் வீட்டில் மூன்று ஆம்பிளைகள் குடியிருந்தார்கள், ஒருவருக்கும் பென்ஷன் இல்லை.

பெயரைத் திருத்த அன்றைக்கு முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து கையெழுத்துப் போட்ட மனு வேண்டியிருந்தது. முதலாளி எங்கே? கம்பெனி இருந்த இடத்தில் 22 மாடி டவர் எழும்பிக்கொண்டிருந்தது. கம்பெனி மூடியிருந்தால் வங்கி மேலாளரோ கெஸட்டட் அதிகாரியோ சான்றொப்பம் போடலாம் என்பது பல நடைக்குப் பிறகு தெரிந்தது. நூறு ரூபாய் முத்திரைத் தாளில் நோட்டரியிடம் ஒரு அஃபிடவிட்: இந்த மூன்று பெயர்களும் ஒரே ஆளையே குறிக்கும். அப்புறம் வங்கி. மேலாளர் அம்மா எல்லாக் காகிதத்தையும் பரப்பி வைத்துக்கொண்டு, கண்ணாடிக்கு மேலாக அப்பாவைப் பார்த்து, "நக்கீ தும்ஹீச் நா?" என்றார். நிச்சயமாக நீங்கள்தானே? அப்பா கொஞ்சம் யோசித்துவிட்டு, "ஹோ மேடம், மீச்" என்றார். அந்த யோசனையை நினைத்து நாங்கள் இன்றும் சிரிக்கிறோம்.

ஏழு மாதம் கழித்துப் பென்ஷன் ஆணை வந்தது. அதில் அப்பாவும் அம்மாவும் சேர்ந்து நிற்கும் போட்டோ, 90 அடி ரோட்டு ஸ்டுடியோவில் எடுத்தது. அம்மா கல்யாணப் புடவை கட்டியிருந்தாள். தொகையைப் பார்த்தோம். மாதம் ஆயிரத்து முந்நூற்றுச் சொச்சம்.

"ஒரு சைபரை விட்டுட்டானா பாரு" என்றார் அப்பா.

விடவில்லை. கணக்கு இதுதான். பென்ஷனுக்கு எடுத்துக்கொள்ளும் சம்பளத்தைச் சேவை வருஷங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். திட்டம் ஆரம்பித்த 1995 நவம்பரிலிருந்து 2004 வரை அப்பாவுக்குக் கிடைத்தது 9 வருஷம். 6,500 பெருக்கல் 9, வகுத்தல் 70: 835 ரூபாய் 71 காசு. அதற்கு முன்னால் உழைத்த 17 வருஷத்துக்குப் பழைய குடும்ப ஓய்வூதியத் திட்டக் காலத்துக்கென்று புதுத் திட்டத்தில் போட்ட அட்டவணைப்படி ஒரு சின்னத் தொகை. இரண்டும் சேர்ந்துதான் அது. இதில் பஞ்சப்படி கிடையாது. முதலில் வந்த தொகைதான் இன்றும் வருகிறது. அன்றைக்கு அதில் வாங்கிய அரிசி இன்றைக்கு வராது. குறைந்தபட்சப் பென்ஷனை 2014 செப்டம்பரில் 1,000 ரூபாய் ஆக்கினார்கள். அதை 7,500 ஆக்கச் சொல்லி ஓய்வூதியர்கள் வருஷக்கணக்காகப் போராடுகிறார்கள். அப்பாவுக்கு அந்த 1,000 உயர்வால் ஒரு பைசா லாபமில்லை. ஏற்கெனவே அதைவிட முந்நூறு கூட வாங்கும் செல்வந்தர்.

முழுச் சம்பளத்துக்கும் பங்கு கட்டிக் கூடுதல் பென்ஷன் வாங்கலாம் என்று 1996 மார்ச்சிலேயே திட்டத்தில் ஒரு வழி சேர்த்திருந்தார்கள். முதலாளியும் தொழிலாளியும் சேர்ந்து எழுதிக் கொடுக்க வேண்டும். அப்பாவின் கம்பெனியில் அது யாருக்கும் தெரியாது. மாமாவின் சாக்கு முழுக்கத் தேடிவிட்டேன், ஒரு வரி இல்லை. 2022 நவம்பர் 4-இல் உச்ச நீதிமன்றம் இந்த விஷயத்தில் தீர்ப்புச் சொன்னபோது, 2014 செப்டம்பர் 1-க்கு முன்பே விருப்பம் தெரிவிக்காமல் ஓய்வு பெற்றவர்களுக்குக் கதவு மூடிவிட்டது. அந்த 2014 செப்டம்பர் 1 அன்று வேலையில் இருந்தவர்களுக்கு மட்டும் இன்னொரு வாய்ப்பு. டிரஸ்ட் வைத்திருக்கும் கம்பெனிகளின் ஊழியர்களுக்கும் அதே உரிமை என்றும் சொன்னார்கள்.

காட்கோபரில் இருக்கும் என் பெரியப்பா மகன் அந்த வாய்ப்பைப் பிடிக்க ஓடினார். கடைசி நாளை மார்ச், மே, ஜூன் என்று தள்ளித் தள்ளி 2023 ஜூலை 11-இல் முடித்தார்கள். அண்ணன் ஜூன் மாதமே போட்டுவிட்டார். இதில் ஒரு சிக்கல் உண்டு. கூடுதல் பென்ஷன் வேண்டுமென்றால் பழைய காலத்துக்கான வித்தியாசத்தை வட்டியோடு பென்ஷன் உண்டியலுக்கு மாற்ற வேண்டும். ஓய்வு பெற்றவர் ஃபண்டை எடுத்து மகள் கல்யாணத்துக்கும் வீட்டுக்கும் செலவழித்திருப்பார். இப்போது பல லட்சத்தைத் திரும்பக் கட்டு என்றால்? அண்ணன் அதற்கும் தயாராக இருந்தார். அப்புறம்தான் அடுத்த கேள்வி வந்தது: உங்கள் கம்பெனி டிரஸ்டின் விதியில், உச்சவரம்புக்கு மேலுள்ள சம்பளத்துக்கும் ஃபண்டு பிடிக்க அன்றைக்கே இடம் இருந்ததா? விதிப் புத்தகத்தின் ஒரு வாக்கியத்தில் பென்ஷன் தொங்குகிறது. இப்படித் தள்ளுபடியான விண்ணப்பங்கள் நாடு முழுக்க உயர் நீதிமன்றங்களில் நிற்கின்றன. முப்பது வருஷம் வேலை பார்த்த அண்ணன் தன் டிரஸ்டின் விதிப் புத்தகத்தைக் கண்ணால் பார்த்தது போன வருஷம்தான்.

தாராவியிலிருந்து மிட்டி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா குர்லா காம்ப்ளெக்ஸ். சாயங்காலம் அந்தக் கண்ணாடிக் கட்டடங்கள் எங்கள் மொட்டை மாடியிலிருந்து தங்கம் மாதிரி தெரியும். அங்கேதான் சாலை, பாலம் மாதிரி திட்டங்களுக்குக் கடன் கொடுத்த ஐ.எல்.எஃப்.எஸ். நிறுவனத்தின் தலைமையகம் இருந்தது. ரேட்டிங் கம்பெனிகள் அதன் கடன் பத்திரங்களுக்கு மூன்று ஏ போட்டிருந்தன. அதைவிட உயர்ந்த மதிப்பெண் கிடையாது. டிரஸ்டுகள் எதில் முதலீடு செய்யலாம் என்பதற்கு அரசாங்கத்தின் வரையறை உண்டு. நல்ல ரேட்டிங் உள்ள பத்திரம் அதற்குள் கச்சிதமாக அடங்கும். ஆகவே நாடெங்கும் பி.எஃப். டிரஸ்டுகள் வாங்கி வைத்திருந்தன. 2018 செப்டம்பரில் சில வாரங்களுக்குள் மூன்று ஏ, தவணை தவறியதைக் குறிக்கும் டி ஆனது. குழுமத்தின் கடன் சுமார் 91,000 கோடி. மறு வருஷம் டி.எச்.எஃப்.எல். என்ற வீட்டுக் கடன் கம்பெனியின் முறை. உத்தரப் பிரதேச மின்துறை ஊழியர்களின் டிரஸ்ட் பணம் 2,267 கோடி அதில் சிக்கியது தெரியவந்து அங்கே கைதுவரை போனது. லக்னோ ஊழியர் ஒருவரின் மாதச் சம்பளத்தில் பிடித்த காசு மும்பையில் வீட்டுக் கடன் கொடுக்கும் கம்பெனியில் கிடக்கிறது என்று அவருக்கு யார் சொல்லியிருப்பார்கள்?

டிரஸ்டி மாமா மூன்று வருஷத்துக்கு முன் இறந்துவிட்டார். அந்த நோட்டீஸ் பாக்கி கட்டியதோடு தானாக அடங்கிவிட்டது, ஆனாலும் தபால்காரர் சைக்கிள் மணி கேட்டால் திடுக்கிடுவார் என்று அத்தை சொல்வாள். சாக்கு இப்போது என் வீட்டில் இருக்கிறது.

அப்பாவுக்கு வருஷத்துக்கு ஒரு தடவை உயிரோடு இருக்கும் சான்று கொடுக்க வேண்டும். மராத்தியில் ஹயாதீச்சா தாக்லா. சயான் பக்கம் ஒரு சேவை மையத்தில் ரேகை வைப்போம். 26 வருஷம் இரும்புத் துருவலைத் துடைத்த விரலில் ரேகை எங்கே இருக்கிறது? பத்து விரலையும் மாற்றி மாற்றி வைத்து, எண்ணெய் தடவித் துடைத்து, மிஷின் கடைசிவரை ஒத்துக்கொள்ளாது. இப்போது போனில் முகத்தைக் காட்டினால் போதும் என்று வந்துவிட்டது. கண்ணைச் சிமிட்டச் சொல்கிறது. அப்பா சிமிட்டுகிறார், இன்னும் ஒரு வருஷம் உயிரோடு இருக்கிறார்.

நான் வேலை பார்க்கும் ஆபீஸ் ஐரோலியில். எங்களுக்கும் டிரஸ்ட்தான். இந்த வருஷம் ஊழியர் தரப்பு டிரஸ்டி ஒருவர் ஓய்வு பெறுவதால் தேர்தல் என்று மெயில் வந்தது. நின்றது நான் ஒருத்திதான். சம்பளம் உண்டா என்று கேட்டுவிட்டுப் பையன்கள் எல்லோரும் விலகிக்கொண்டார்கள். பொறுப்பேற்கும் முன்னால் கடைசி மூன்று வருஷத் தணிக்கைக் கணக்கும் முதலீட்டுப் பட்டியலும் வேண்டுமென்று எழுதினேன். "ஏன் மேடம், ஏதாவது பிரச்னையா?" என்று எச்.ஆர். பெண் பதறிப் போய் போன் செய்தாள். ஒரு வாரம் கழித்து வந்தது.

போன ஞாயிற்றுக்கிழமை அதை எடுத்துக்கொண்டு அப்பா வீட்டுக்குப் போனேன். கட்டிலில் சாய்ந்திருந்தவர் கண்ணை மூடிக்கொண்டு, "வாசி" என்றார். ஒவ்வொன்றாகச் சத்தமாக வாசித்தேன். மத்திய அரசுப் பத்திரம் இவ்வளவு. மாநிலக் கடன் பத்திரம் இவ்வளவு. பொதுத்துறை வங்கிப் பத்திரம், பங்குச் சந்தை நிதி, வரவேண்டிய வட்டி. தூங்கிவிட்டார் என்றே நினைத்தேன். இதர நிர்வாகச் செலவு 41,600 என்று வாசித்ததும் ஒரு கண் திறந்தது.

"அது என்ன செலவு?"

தெரியவில்லை என்றேன். போனில் விலக்குக்கான நிபந்தனைகளைத் தேடி எடுத்துப் பார்த்தேன். கணக்கு எழுதுவது உட்பட டிரஸ்டை நடத்தும் செலவு முழுவதையும் முதலாளிதான் ஏற்க வேண்டும் என்று போட்டிருக்கிறது. தொழிலாளி பணத்தில் எழுதக் கூடாது. அப்பாவிடம் சொன்னேன்.

அவர் எழுந்து உட்கார்ந்து, கொடியில் கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"நாளைக்குப் போன உடனே கடைச் சீட்டைக் கேளு" என்றார்.